பீரங்கிக்குக் காது உண்டா?

ராணுவத்தாரின் வாழ்க்கையை எழுதுவது சுலபம். எழுதியதை அவர்கள் வீட்டாரிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. பேனா பிடித்துப் பிழைக்கும் பங்காளிகளே, உங்களுக்குத் தெரியாததா?

முதல் கேள்வி

பத்திரிகை வேலைக்கு நடுவே சிப்பாய்களைப் பற்றிப் பல புத்தகங்கள் எழுதியவன் என்ற மிதப்பில், கூமாப்பட்டி ஹவில்தார் வேலுச்சாமியிடம், "எத்தனை எதிரிகளைச் சுட்டீர்கள்?" என்று ஆரம்பித்தேன். மனிதர் ஒருவரையும் சுடவில்லை. ராசாத்தி என்ற கோவேறு கழுதையோடு பனிமலை மேலே தண்ணீரும் தோட்டாவும் கொண்டுபோனவர்.

"சுடுறதுக்கு எம்புட்டோ பேரு இருந்தாக தம்பி. அவிய குடிக்கத் தண்ணி வேணாமா?"

ஒரு சின்னத் திருத்தம்

பெரியவர் கதையைப் புத்தகமாக எழுதி முடித்ததும், ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கும் அவர் மகன் முருகேசன் என்னைத் தேடி வந்தார். மகளுக்குச் சேத்தூரில் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறார். மாப்பிள்ளையின் தாத்தா எல்லையில் துப்பாக்கி பிடித்தவர். கழுதை ஓட்டிய குடும்பமா என்று அவர் முகம் சுளித்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று முருகேசனுக்குப் பயம். கழுதை வருகிற இடமெல்லாம் பீரங்கி என்று மாற்றச் சொன்னார்.

"உங்கள் அப்பா பீரங்கிக்குக் கொள்ளு வைத்து, அதன் காதைத் தடவிக்கொடுத்தார் என்று வருமே, பரவாயில்லையா?" என்றேன். முருகேசன் கையெழுத்துப் பிரதியைப் புரட்டிப் பார்த்தார்.

"காதை மட்டும் எடுத்துட்டா சரியாப் போயிரும்ல சார்?"

அட்டைப்படம்

விஷயம் பெரியவர் காதுக்குப் போயிற்று. கோபப்படுவார் என்று பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் எழுத்தைப் படித்த எவரும் ராசாத்தியைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். அந்த நம்பிக்கை எனக்கு உண்டு. அவளை அட்டையிலேயே போடுவது என்று முடிவு செய்தது, பெரியவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான்.

"பேத்தி கல்யாணம் நடக்கட்டும் தம்பி. வேணும்னா எம்பேரை எடுத்துருங்க, ராசாத்திய எடுக்காதீக."

சேத்தூர்க்காரர்

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் வெளியீடு. முருகேசன் என்னை முறைத்தபடி தூணோரம் நின்றார். மாப்பிள்ளையின் தாத்தா புத்தகத்தைக் கையில் வாங்கி, அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் எழுந்து போய் வேலுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"தண்ணியில்லாம மலைமேல கெடந்தோம் சம்பந்தி. கீழருந்து ஏறி வந்ததுல மொதல்ல தெரிஞ்சது இதே மாதிரி ரெண்டு காதுதான்."

பங்காளிகளே, அதற்குப் பிறகு முருகேசன் என்னிடம் கேட்ட ஒரே திருத்தம், அடுத்த பதிப்பில் அந்தக் காதுகளை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட முடியுமா என்பதுதான்.