தீப்பிடிக்காத கடை

ஆம்புரோஸ் டில்லட் சொந்தக் கடை வைத்திருந்தது மொத்தம் பதினோரு மாதம். இரண்டு கையையும் விரித்தால் சுவருக்குச் சுவர் முட்டும் அந்தக் கடைக்கு, கூட்டாளி செப்டிமஸ் கிராக் வைத்த பெயர் ‘பேரரசுத் துணி மாளிகை’. பெயர்ப்பலகை கடையைவிட அகலம். ‘மாளிகை’ மட்டும் பக்கத்துக் கசாப்புக்காரர் வாசலில் தொங்கியது. லண்டனில் பரோ என்ற அந்தப் பேட்டையில் அப்போது மீசை முளைத்தவன் எல்லாம் முதலாளி.

துணி நல்ல துணிதான். வாங்கத்தான் ஆளில்லை. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் நிஜமாகவே தீப்பிடித்து, மிஞ்சிய சரக்கை வாங்கக் கூட்டம் மூன்று தெருவுக்கு நின்றது. அதைப் பார்த்துவிட்டு செப்டிமஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“நமக்கும் ஒரு தீ வேணும்டா.”

“கடையக் கொளுத்தச் சொல்றியா?”

“கடை எதுக்கு? துணி ஓரம் கருகினா போதும். சுத்தமா இருந்தா தொடமாட்டாங்க, கருகினா அடிச்சுக்குவாங்க. ஜனங்க அப்படி.”

ஞாயிற்றுக்கிழமை, தெருவே தேவாலயத்தில் இருந்த நேரம். கொல்லையில் ஈர வைக்கோலைப் புகையவிட்டுத் துணிகளை அதன்மேல் பிடித்தார்கள். ஆம்புரோஸ் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓரங்களைக் கருக்கினான். கட்டைவிரலையும் சுட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை சுவரெல்லாம் விளம்பரம்: ‘தீ! ஞாயிறன்று தீயில் தப்பிய சரக்கு!’ செப்டிமஸ் சொன்னபடியே கூட்டம் முண்டியடித்தது. அதற்குள் புகுந்து வந்தாள் லிடியா பென்ஃபோல்ட். ஈஸ்டர் பண்டிகை முடிந்ததும் ஆம்புரோஸுக்கு மனைவியாகப் போகிறவள். ஓடிவந்ததில் தொப்பி முதுகில் கிடந்தது.

“உயிரோட இருக்கீங்களா! கையில என்ன?”

“ஒண்ணுமில்ல லிடி. லேசா...”

அவள் கைக்குட்டையைக் கிழித்து விரலில் கட்டினாள். அப்போதே அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது, சொல்லவில்லை.

“நேத்து எங்கப்பாதானே காவல்? தீயணைக்கிற வண்டி ஏன் வரலைன்னு இன்னிக்கு வீட்டுல கேக்கறேன் பாருங்க!”

அவள் அப்பா ஜெம் பென்ஃபோல்ட் தீயணைப்பு நிலையத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்து வந்தவர். மகள் கேட்டாள், தெருவும் கேட்டது. கடை எரியும்போது தூங்கினாராம் என்று பேச்சு பரவியது. ஞாயிறன்று யாரும் வந்து கூப்பிடவே இல்லை என்று ஜெம் சொன்னதை அதிகாரி நம்பவில்லை. செவ்வாயன்று அவரைக் காவல் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை.

“போய்ச் சொல்லிடறேன்டா,” என்றான் ஆம்புரோஸ்.

“சனிக்கிழமைக்குள்ள சரக்கு தீந்துடும். அப்புறம் சொல்லு. மாமனார் ரெண்டு நாள் ஓய்வெடுத்தா குடி முழுகிடுமா?”

ஆம்புரோஸ் ஒரு தடவை கிளம்புவதற்காகக் கோட்டை மாட்டினான். ஒரு சீமாட்டி படுக்கை விரிப்பு கேட்டாள். கோட்டைக் கழற்றிவிட்டு எடுத்துக் காட்டினான்.

வியாழனன்று ஜெம் கடைக்கு வந்தார். யாரையும் திட்டவில்லை. கூரையைப் பார்த்தார். சுவரை உள்ளங்கையால் தடவி, கையைத் திருப்பிப் பார்த்தார். கரி ஒட்டவே இல்லை.

“தம்பி, துணி கருகியிருக்கு. கடை கருகலையே.”

ஆம்புரோஸ் அளவுகோலைக் கீழே வைத்தான்.

“நான்தான் தூங்கிட்டேனோன்னு மூணு நாளா என்னையே சந்தேகப்பட்டுட்டிருந்தேன்ப்பா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விசாரணையில் ஆம்புரோஸ் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஜெம்முக்கு வேலை திரும்பியது. செப்டிமஸ் மிஞ்சிய சரக்கோடு லிவர்பூல் போய்விட்டான். அங்கே வெள்ளத்தில் தப்பிய சரக்கு விற்பதாகக் கேள்வி.

ஆம்புரோஸ் அன்று நேரே லிடியா வீட்டுக்குப் போனான். அவள் கதவைப் பாதி திறந்தாள்.

“பொய்ய மன்னிச்சிருப்பேன். உங்க கூட்டாளி மூளை அப்படின்னு சிரிச்சுக்கூட இருப்பேன்.”

“நான்தான் வந்து சொல்லிட்டேனே, லிடி.”

“எங்கப்பா கண்டுபிடிச்சதுக்கப்புறம் சொன்னீங்க. அவரு சாப்பிடாம உக்காந்திருந்தப்ப நீங்க விரிப்பு அளந்துட்டிருந்தீங்க.”

பிறகு முப்பது வருடம் டெப்ட்ஃபோர்டில் வேறொருவர் கடையில் துணி அளந்தான் ஆம்புரோஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல பதிலொன்று அவனுக்கு அன்றைக்கே கிடைத்திருக்க வேண்டும். பிற்பாடு எத்தனையோ பதில் சொல்லிப் பார்த்தான், தனியாக. அன்று கதவருகே அவன் சொன்னது, “கடையில ஆள் நிறைய இருந்தாங்க, லிடி” என்பது மட்டும்தான். அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.