மூன்று முறை கழன்ற ரெகுலேட்டர்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பீர்கள். சொல்லுங்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் அன்று இரவு நான் அரளவில்லை. அரள்வதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. என்ன நடந்ததோ அதை அப்படியே சொல்கிறேன்.

எனக்குப் பிழைப்பு பஸ் ஓட்டுவது. பொழுதுபோக்கு, வீட்டுப் பின்கொட்டகையில் வெல்டிங். "இரும்பையே கட்டிக்கிட்டு அழுங்க" என்பாள் மனைவி. அந்த இரும்பு முதன்முதலாக வீட்டுக்கு உதவப் போகும் நாள் வந்தது. எங்கள் மகளுக்கு, வாண்டுவுக்கு, காலில் ஆபரேஷன் முடிந்திருந்தது. மறுநாள் காலை வீட்டுக்கு வருகிறாள். வாசற்படியில் பிடித்து ஏற அவளுக்குக் கைப்பிடி வேண்டும். மனைவி அவளோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் இரண்டு ஷிப்டு ஓட்டிவிட்டு, அடித்துப் போட்டது போன்ற உடம்போடு கொட்டகைக்குள் நுழைந்தேன்.

வெல்டிங் சிலிண்டரில் மாட்டும் என் ஆக்சிஜன் ரெகுலேட்டரில் அளவு காட்டும் முள் சிக்கிக்கொண்டிருந்தது. அதனால் வரும் வழியில் பழைய சாமான் கடையில் ஒன்றை எடுத்து வந்திருந்தேன். முகப்பில் எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. எந்த வாயுவுக்கானது என்று தெரியவில்லை. எரியும் வாயுவுக்கு இடப்பக்கம் திருகும் மரை, ஆக்சிஜனுக்கு வலப்பக்கம் திருகும் மரை. அது மட்டும் எனக்குத் தெரியும். வலப்பக்கம் திருகினேன், ஏறியது. சேர்ந்ததே, போதும் என்று விட்டுவிட்டேன்.

பாதிக்கு மேல் இறுகியது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது சும்மா இல்லை. கதவுக் கீலுக்குப் போடும் எண்ணெயில் ஒரு சொட்டு மரையில் விட்டேன். ஆக்சிஜன் பக்கம் எண்ணெய் ஆகாது என்று எப்போதோ யாரோ சொன்ன ஞாபகம். ஒரு சொட்டுதானே என்று தோன்றியது. வழுக்கிக்கொண்டு ஏறியது. ஸ்பேனரால் இறுக்கிவிட்டு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் ரெகுலேட்டர் சிலிண்டரில் இல்லை.

மேசைமேல் இருந்தது. அதன் அடியில் ஒரு சின்ன மஞ்சள் துண்டு விரித்திருந்தது. வாண்டுவின் துண்டு. அவசரத்தில் மனைவி விட்டுப் போயிருப்பாள், நான்தான் தூக்கக் கலக்கத்தில் கழற்றி வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது. மறுபடி எண்ணெய் விட்டேன். மாட்டினேன். இறுக்கினேன்.

போன் அடித்தது. வீட்டுக்குள் ஓடினேன். மனைவி.

"ஏங்க, கைப்பிடி ஆயிடுச்சா? வாண்டு கேட்டுக்கிட்டே தூங்கிட்டா."

"ஆயிடும்."

"குரலே சரியில்லையே. படுங்களேன்."

"முடிச்சுட்டுப் படுக்கிறேன்."

கொட்டகைக்கு வந்தேன். ரெகுலேட்டர் மேசைமேல். அதே துண்டு. இந்த முறை துண்டில் எண்ணெய்க் கறை... யாரோ மரையை அழுத்தித் துடைத்தது போல.

கதவைப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள் போட்டேன். மூலை முடுக்கெல்லாம் பார்த்தேன். யாரும் இல்லை. கருகிய முடியின் நாற்றம் மட்டும் லேசாக...

பயத்தைவிட அலுப்புதான் அதிகம். விடிந்தால் பிள்ளை வருகிறாள். மூன்றாம் முறை மாட்டினேன். இந்த முறை நகரவில்லை. நேர் எதிரே நின்று, ஒரு கையால் ரெகுலேட்டரைப் பிடித்துக்கொண்டு, வால்வைத் திறக்க மறு கையால் சாவியைத் தொட்டேன்.

க்ர்ர்ர்க்...

நட்டு சுழன்றது.

இடப்பக்கம். தானாக. மெதுவாக.

என் கைமேல் இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்தது. சொரசொரப்பாக... சூடாக...

காதருகே ஒரு பெருமூச்சு.

கோபம் இல்லை அதில். களைப்பு.

சாவியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

விடிந்ததும் அந்த ரெகுலேட்டரை ஒரு பையில் போட்டு, சிலிண்டர் நிரப்பும் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். பேய், கை, பெருமூச்சு எதையும் சொல்லவில்லை. அவர் முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

"எண்ணெய் போட்டீங்களா?"

"ஒரு சொட்டு."

"திறந்திருந்தா அந்த ஒரு சொட்டே போதும், குப்புனு தீ புடிச்சிருக்கும். மரை சேந்தா சரியாயிடுமாய்யா?" கழற்றி உள்ளே காட்டினார். ஒரே கரி. "இது ஏற்கெனவே ஒரு தடவை எரிஞ்சிருக்கு. அப்ப இதைக் கையில புடிச்சிருந்தவன் கதி என்னாச்சோ."

கைப்பிடி ஆகவில்லை. வாண்டுவைத் தூக்கிக்கொண்டுதான் படியேறினேன். பின்னால் பையோடு வந்த மனைவி, மகளின் மஞ்சள் துண்டு இரவில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து காணாமல் போய்விட்டது என்று புலம்பினாள். என் கால் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது.

வாண்டு என் காதோரம் சொன்னாள்:

"தொலையலப்பா. ராத்திரி ஒரு மாமா வந்து வாங்கிட்டுப் போனாரு. கையெல்லாம் கறுப்பா இருந்துச்சு. எதையோ துடைக்கணுமாம்."

"வேற... வேற என்னம்மா சொன்னாரு?"

"ரொம்ப அசதியா இருக்காம். இன்னொரு தடவை மாட்டினா, கழட்ட வரமாட்டாராம்."