சக்கரம் காணாமல்போன கார்

ஒரகடம் கூட்டுரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாபு இன்று மாலை உறுதிசெய்தது: காருக்கு நான்கு சக்கரங்களும் வந்துவிட்டன.

கார், ஒரு பழைய ரேஸ் கேமில் ஓடுவது. கேமைப் புது லேப்டாப்பில் போட்டதும் சக்கரங்கள் மட்டும் மறைந்துவிட்டன. லேப்டாப்பின் சொந்தக்காரர் குமார், கார் ஃபேக்டரியில் சக்கரம் மாட்டும் லைனில் வேலை செய்கிறார்; ஒரு நட்டு லூஸ் என்றாலும் லைனையே நிறுத்திவிடுவார்.

"நாளெல்லாம் வீல் மாட்டிக்கினு கீறேன். வூட்டுக்குப் போனா வண்டி வீல் இல்லாம பறக்குதுண்ணா!"

பழைய கேம் கேட்பதைப் புது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியவைக்கும் சின்ன ஃபைல் ஒன்றை பாபு கேம் ஃபோல்டரில் போட்டார். சக்கரங்கள் தெரிந்தன.

கூட வந்திருந்த மனைவி செல்வி சிரித்தார். ரேஸில் தோற்பவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது அவர்கள் வீட்டு ஒப்பந்தம். மூன்று வாரமாகக் கழுவுவது குமார்.

"வீல் இல்லாததாலதான் தோத்தேன்னியே, என் வண்டிக்கு மட்டும் இருந்துச்சா?"

குமார் திரையருகே குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார்.

"நட்டு டைட்டா கீதான்னு தெர்லயே. இன்ஸ்பெக்‌ஷன் முடியாம வண்டிய வெளிய வுடக் கூடாது."

"இன்னாய்யா, இங்கயும் லைன நிறுத்துறியா?" என்றார் செல்வி.

அடுத்த பந்தயம் ஞாயிறு, குமார் காலை ஷிஃப்ட் முடித்து வந்ததும். அதற்குள் அவருக்குப் புதுச் சாக்கு ஒன்று தேவை. இருந்தால் கமெண்ட்டில் போடுங்கள்.