குணம் அண்ணைக்குக் குளிர்ந்தது

செய்தி வந்தபோது நான் சலவைக்கூடத்தில், ஈர விரிப்புகளை அழுத்திக் காயவைக்கும் சூட்டு உருளைக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் தொலைபேசி மணி கேட்காது. சட்டைப்பைக்குள் அதிர்வதுதான் தெரியும். வாசலுக்கு வெளியே போய் எடுத்தேன். "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார் குணம் அண்ணையின் மனைவி வதனி அக்கா. அழவில்லை. நான் "ஓம் அக்கா, ஓம்" என்று நாலைந்து தரம் சொன்னேன். உள்ளே திரும்பி வந்து மிச்ச விரிப்புகளையும் விட்டு முடித்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவரும் அக்காதான். அவரைப் பற்றி எல்லோரும் நல்லது எழுதுவார்கள், நான் எதை எழுத என்று கேட்டேன். "நடந்ததை எழுதுங்கோ தம்பி. எல்லாருக்கும் பாதிதான் தெரியும்" என்றார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

குணம் அண்ணையும் நானும் பன்னிரண்டு வருடம் ஒரே சலவைக்கூடத்தில் வேலை செய்தோம். நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவா என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் குடியிருந்தோம். காலையில் ஒரே ரயிலில் போவோம். முறைப்பாடு சொல்லத் தெரியாத மனிதர் அவர். ஒருமுறை அவருடைய முன்கை சூட்டு உருளையில் பட்டுவிட்டது. சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு வேலை முடியும்வரை நின்றார். ரயிலில் கம்பியைப் பிடிக்கக் கையை உயர்த்தியபோதுதான் தோல் உரிந்து கிடந்ததைக் கண்டேன். "ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்று கத்தினேன். "சொன்னா எரியிறது நிக்குமோ?" என்று கேட்டார். அவர் அப்படித்தான்.

அப்படிப்பட்டவர் போன குளிர்காலத்தில் குளிருது, குளிருது என்று சொல்லத் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

ஊரில் சண்டை மறுபடியும் மூண்டிருந்த குளிர்காலம் அது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியின் முன் இருந்தோம். ஊருக்குத் தொலைபேசி எடுத்துக் கிடைக்காமல் தவித்தோம். ஒரு மனிதருக்குக் குளிர்கிறது என்பது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. சலவைக்கூடத்தில் வெளியே பனி கொட்டும்போதும் நாங்கள் அரைக்கைச் சட்டையோடு வியர்வை வழிய நிற்போம். குணம் அண்ணை மட்டும் வேலை உடுப்புக்குள் கம்பளிச் சுவெற்றர் போட்டுக்கொண்டு, உருளைக்குப் பக்கத்தில் கைகளை விரித்துப் பிடித்தபடி நின்றார். 'சுவெற்றர் அண்ணை' என்று பெயர் வைத்தது நான்தான். அது எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. நோர்வேக்கார மேற்பார்வையாளர்கூட அந்தச் சொல்லைப் பழகிவிட்டார்.

வீட்டில் அது சிரிப்பாக இருக்கவில்லை. வரவேற்பறைச் சுவரில் இருந்த, வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை அவர் இருபத்தைந்தில் வைத்தார், பிறகு இருபத்தேழில் வைத்தார். வதனி அக்கா முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஓடிவிட்டு வந்து அந்த வெக்கையில் மூச்சுமுட்டிக் கிடந்தார். மகள் அபிராவுக்குச் சின்ன வயதிலிருந்து தோல் வருத்தம். காற்று காய்ந்தால் முழங்கை மடிப்பும் கழுத்தும் வெடித்து இரத்தம் வரும். வீட்டைக் குளிர்மையாக வைத்திருக்கச் சொல்லி அவளுடைய மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார். அக்கா குறைப்பார், அண்ணை எழும்பிப்போய்க் கூட்டுவார். கடைசியில் அக்கா என்னைக் கூப்பிட்டார். நான் ஊரில் வயறிங் வேலை பார்த்தவன். எங்கள் கட்டடங்களில் ஹீற்றர் பழுதானால் என்னைத்தான் தேடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. அபிரா கழுத்தில் பூச்சு மருந்தோடு நின்றாள். "மாமா, வீடு ஆவிக்குளியல் அறை மாதிரி இருக்கு. என்னாலை படிக்கேலாமல் கிடக்கு" என்றாள். அண்ணை சோபாவில் போர்வைக்குள் இருந்தார். எனக்கு அன்று நல்ல உற்சாகம். எனக்குத் தெரிந்ததை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்ற உற்சாகம். வரவேற்பறைக்கு இருபத்தொன்று, படுக்கும் அறைக்குப் பதினெட்டு, அதற்கு மேல் வைத்தால் காற்று காயும், தலை இடிக்கும், நித்திரை கெடும் என்று விரிவுரை நடத்தினேன். பிறகு தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன முளை இருக்கும். அதை எந்த இலக்கத்தில் செருகுகிறோமோ அதற்கு மேல் திருகு போகாது. இருபத்தொன்றில் செருகி மூடினேன்.

அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார். "ரவி, நீர் சொல்லுறதெல்லாம் சரி" என்றார். "ஆனா குளிர் வீட்டுக்கை இல்லை. என்ரை உடம்புக்கைதான் கிடக்கு."

"பழகிடும் அண்ணை. பதினேழு வருசமாச்சு, இன்னும் உடம்பு வந்து சேரேல்லையோ?" என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். டொக்டரிடம் ஒருக்காப் போய்ப் பாருங்கோ என்று அக்கா சொன்னார். "போய் என்னத்தைச் சொல்லுறது? நோர்வேயிலை இருக்கிறன், குளிருது எண்டோ?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தோம்.

சில கிழமைகளுக்குப் பிறகு ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் அவரைக் கண்டேன். வாசற்கதவுக்கு மேலிருந்து சூட்டுக் காற்று இறங்கும் இடத்துக்குக் கிட்ட, ஆட்கள் இருக்கப் போட்ட ஒரு வாங்கில், முழு மேலங்கியோடும் தொப்பியோடும் இருந்தார். "ஆரையும் பார்த்துக்கொண்டு நிக்கிறியளோ?" என்று கேட்டேன். "ஓம், ஓம். ஒராள் வாறனெண்டவர்" என்றார். வருவதற்கு ஒருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும். சொந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் அங்கே வந்து இருக்கிறார் என்பதும் தெரியும். அவருடைய உதடு வெளிறியிருந்தது. நகங்களில் நிறமே இல்லை. அதையும் கண்டேன். மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் என் பாட்டில் போய்விட்டேன்.

பனி உருகத் தொடங்கிய நாட்களில், அழுக்குத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். ஓர் ஆள் எழும்பி நடக்கவே முடியாத அளவுக்கு இரத்தம் குறைந்திருந்தது. குடலில் புற்றுநோய். மாதக்கணக்காக உள்ளே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. ஈரலுக்கும் பரவிவிட்டது. தாதி வதனி அக்காவிடம், "இரத்தம் இப்படிக் குறைந்தால் உடம்பு குளிரும். இவருக்குக் களைப்பு, குளிர் ஏதாவது இருந்ததா? எப்போதிருந்து?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். அவர் கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைச் செய்துவிட்டோம் என்பதுபோலப் பார்த்தார்.

வைத்தியத்தால் பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வருவதற்கு முதல்நாள் நான் போய் அந்த முளையைப் பிடுங்கினேன். இருபத்தெட்டில் வைத்தோம். அக்கா அந்த வெக்கையிலேயே நடமாடினார். அபிரா கழுத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டிக்கொண்டு தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள். சொறிய வேண்டும்போல் வந்தால் எழுந்து குளியலறைக்குப் போய்விடுவாள். ஆனால் அவருக்குக் குளிர் விடவில்லை. இரண்டு போர்வைக்குள்ளும் நடுங்கினார். அந்தக் குளிருக்கு எந்த இலக்கமும் காணாது என்றான பிறகுதான் நாங்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தோம். முன்பே போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

கடைசிக் கிழமை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு பின்னேரம் தனியாகப் போனேன். ரயிலில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோர்த்துக்கொண்டேன். "அண்ணை, நீங்கள் சொன்னதை நான் நம்பேல்லை. என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ." அவ்வளவுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது அவர் முந்திக்கொண்டார்.

"ரவி, நீர் சொன்னது சரிதான் ஐசே. எனக்குத்தான் கடைசிவரைக்கும் இந்த நாடு பழகேல்லை."

பகிடிக்குச் சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படி நம்பினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. இல்லை அண்ணை, நான் சொன்னது பிழை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். பிறகு வேலைத்தலத்துக் கதை கொஞ்சம் கதைத்தேன். அவர் களைத்துக் கண் அயர்ந்தார். நாளைக்கு வருகிறேன் என்று எழும்பினேன். அடுத்தநாள் வதனி அக்காவின் அழைப்பு வந்தது.

அவரை அறிந்தவர்களே, அவருடைய பொறுமையையும் பகிடியையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்கும் உரியவை. எனக்கென்று இருப்பது, ரயிலில் கோர்த்துக்கொண்டு போய்ச் சொல்லாமல் திரும்பிவந்த அந்த இரண்டு வரி மட்டும். எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்து இங்கே எழுதிப் பார்த்தேன். குறையவில்லை. கேட்க வேண்டியவர் இல்லை.