தகரப் பூக்கள் சுழன்ற பெருநாள்

சூறாவளி அடித்து இரண்டாம் வருடம், நோன்புப் பெருநாளன்று மருதமுனைக் கடற்கரையில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புத்தளத்தில் உப்பளம், சம்மாந்துறையில் நெல் மில், சாகாமத்தில் அறுவடை, பிறகு கல்முனையில் ஒரு வெல்டிங் கடை என்று, எங்கே சோறு கிடைத்ததோ அங்கே இருந்தேன்.

கடற்கரையில் தலை முறிந்த தென்னைகள் வெறும் கம்பங்களாக நின்றன. பெருநாளுக்குப் புதுமையாக ஏதாவது செய்து தரும்படி வாலிபர் கழகத்துப் பொடியன்மார் என்னைக் கேட்டார்கள். உறுதியான இரண்டு மரங்களுக்கிடையே உருக்குக் கம்பி வடத்தை இழுத்துக் கட்டினேன். சூறாவளி கொண்டுவந்து வயலில் போட்ட கூரைத் தகரங்களைப் பூப்போல வெட்டி, பழைய சைக்கிள் அச்சுகளில் பொருத்தி, வடத்தில் இருபதைத் தொங்கவிட்டேன். பூ சுற்றும்போது படபடவென்று அடிக்க, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தகரத் துண்டு. அந்தச் சத்தம் என் யோசனைதான். அதில் எனக்கு நல்ல பெருமை.

பெருநாள் காலையில் காற்றே இல்லை.

“காக்கா, உங்கட பூவெல்லாம் இன்னும் நோன்பு பிடிச்சிருக்கு போல. பெருநாள் எண்டு யாராச்சும் சொல்லுங்க!” என்று, அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்று கூப்பிடும் பொடியன்மார் சிரித்தார்கள்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தது. இருபது பூவும் ஒன்றாகச் சுழன்று அடித்தன. சனம் கூடிவிட்டது. அப்போது பக்கத்து ஓலை வீட்டிலிருந்து ஒரு பெண், ஒரு பிள்ளையை இடுப்பிலும் மற்றதைக் கையிலும் பிடித்துக்கொண்டு ஓடி வந்தா. பார்க்கத்தான் வாறா என்று நினைத்து, “முன்னுக்கு வாங்க ராத்தா” என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டேன். என்னைத் திரும்பியும் பாராமல் எதிரே இருந்த பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் ஓடி, பிள்ளைகளோடு மேசைக்கடியில் பதுங்கிவிட்டா.

என்னைக் கேலி செய்தவர்களில் ஒரு பொடியனின் முகம் செத்துப்போனது.

“அவட மூத்தவன் சூறாவளியில பறந்து வந்த தகரம் வெட்டித்தான் மௌத்தாப் போனான், காக்கா. எங்களுக்கும் நினைவு வரல்ல.”

அந்தச் சூறாவளி அடித்தபோது நான் மேற்குக் கரையில், புத்தளத்தில் உப்பு அள்ளிக்கொண்டிருந்தேன். காற்றில் தகரம் அடிக்கும் சத்தம் இந்த ஊருக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்கவுமில்லை.

உடனே மரத்தில் ஏறி வடத்தைத் தளர்த்தித் தாழ்த்தினேன். சுற்றுகிற தகரத்தைப் பிடித்துப் பிடித்து நிறுத்தி, இருபதையும் கழற்றி மணலில் புதைக்கும்போது இரண்டு கையிலும் இரத்தம். சத்தம் நின்ற பிறகு அவ வெளியே வந்தா.

“மன்னிச்சிக்கங்க ராத்தா” என்றேன்.

அவ என் கையையே பார்த்துக்கொண்டு நின்றா. “வடத்தக் கழட்டாதீங்க தம்பி. பூ எங்க எண்டு என்ட சின்னவள் அழுறாள். சத்தம் போடாத ஒண்டக் கட்டுங்களன்.”

மறுநாள் தன் தறியில் மிஞ்சிய சாரன் துணித் துண்டுகளை நீளப் பைகளாகத் தைத்துக் கொண்டுவந்தா. ஒவ்வொரு பையின் வாயிலும் பிரம்பு வளையம் வைத்து வடத்தில் கட்டினேன். கச்சான் புகுந்ததும் அவை புடைத்து, வாலை ஆட்டி, ஆகாயத்தில் மீன்கள்போல நீந்தின. காற்று பலமாகத்தான் அடித்தது. அவ ஓடவில்லை, சின்னவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தா.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எதையெதையோ கட்டிவிட்டேன். ஆனால் முதல் ஆணியை அடிக்குமுன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி இங்கே முன்பு என்ன நடந்தது என்று கேட்காமல் என் கை சுத்தியலைத் தொடுவதில்லை.