கப்பலைக் கீறியவர்

1931ஆம் ஆண்டில் கண்டி நகரில் மிக அதிகமாக வாசிக்கப்பட்ட தமிழ் எழுத்தாளர் அழகமுத்துதான். 'இங்கே எச்சில் துப்பாதீர்', 'மாடு கட்டாதீர்', 'வாவியில் குளிக்கக் கூடாது' எல்லாம் அவர் கைவண்ணம். நகரசபைக்குப் பலகை எழுதுவது அவர் வேலை. மூன்று மொழிகளில் எழுதினார். அவற்றில் இரண்டு அவருக்குத் தெரியாது. தெரிந்த மூன்றாவதையும் வாசகர்கள் மதித்ததாகச் சான்றில்லை. துப்பாதீர் என்ற பலகைமேலேயே குறிபார்த்துத் துப்பினார்கள்.

அதெல்லாம் அவருக்கு வருத்தமில்லை. எந்தப் பலகையிலும் எழுதியவர் பெயர் இல்லை என்பதுதான் வருத்தம். ஊரே வாசிக்கிறது, ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. ஓரிடத்திலாவது தன் பெயர் அச்சில் வந்துவிட வேண்டும் என்று அவர் ஏங்கினார். அந்த ஏக்கத்துக்குத் தினமும் காலையில் தேத்தண்ணீரோடு சேர்த்து நெய் ஊற்றியவர் அவர் மனைவி ரத்தினம்மா.

"கண்டிக்கு வந்து மூணு வருசமாச்சு. என்னத்தக் கிழிச்சீங்க?"

இராமநாதபுரத்திலிருந்து இருவரும் ஒரே கப்பலில்தான் வந்தார்கள். அழகமுத்து தலையில் துண்டைப் போட்டு மூலையில் குந்தி, தலைமன்னார் வரை வாந்தியெடுத்தார். ரத்தினம்மா கம்பியைப் பிடித்து நின்று கடல் முழுவதையும் பார்த்துவிட்டு வந்தார். ஆகவே அந்த வீட்டில் கடல் சம்பந்தமான எல்லா விஷயத்திலும் அவர் சொல்லே தீர்ப்பு.

ஓய்வு நேரத்தில் அழகமுத்து, கடைவீதியில் அச்சகம் வைத்திருந்த ஹலீம் நானாவுக்கு மரக்கட்டையில் படம் செதுக்கிக் கொடுப்பார். குடை, பற்பொடி டப்பா, கொம்பு சீவிய காளை என்று துண்டு விளம்பரங்களுக்கான படங்கள். ஒருநாள் ஹலீம் நானா கூப்பிட்டனுப்பினார்.

"தனபாலன் மாஸ்டர் புள்ளையளுக்குப் புத்தகம் ஒண்டு போடுற. பழைய காலத்துக் கப்பல் ஒண்டு முழுகின கதை. நாலு படம் வேணும். மாஸ்டருக்குப் புடிச்சா அட்டையில ஒங்கட பேரையும் போடுவோம்."

"பேரா? அட்டையிலயா?"

"பின்ன, முதுகிலயா?"

அழகமுத்து அரைக் கோப்பைத் தேத்தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

தனபாலன் மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர். கண்டிப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் படிப்பித்தார். நூறு வருஷத்துக்கு முன் கிழக்குக் கரையோரம் உடைந்த 'பாக்கியலட்சுமி' என்ற பாய்க்கப்பலின் சரித்திரத்தைச் சிறுவர்கள் கண்ணீர் விடும்படி எழுதியிருந்தார். படக்காரருக்கு ஒரு கடதாசித் துண்டு அனுப்பினார்.

'முதலாம் படம்: துறைமுகத்தில் கப்பல் கம்பீரமாக நிற்கிறது. மிக அழகாகக் கீறவும். இரண்டாம் படம்: நடுக்கடலில் கப்பல். முன்னதைவிடப் பெரிதாகக் கீறவும். மூன்றாம் படம்: புயல். கடலை நன்றாகக் கீறவும். நான்காம் படம்: கப்பல் உடைகிறது. எப்படிக் கீறுவது என்று உமக்கே தெரியும்.'

யாழ்ப்பாணத்தில் படம் வரைவதைக் கீறுவது என்பார்கள். இராமநாதபுரத்தில் மீன் வயிற்றைக் கத்தியால் கிழிப்பதுதான் கீறுவது. இரண்டு கீறலுக்கும் நடுவே ஒரு கடல் கிடப்பதை யாரும் அழகமுத்துவிடம் சொல்லவில்லை.

"ஏம்மா, துறைமுகத்துல நிக்கிற கப்பலை எதுக்குக் கீறணும்?"

"வாத்தியாரு சொன்னா காரணம் இருக்கும். கொஞ்சமாக் கீறி வைங்க. அப்புறம் பெருசாக்கச் சொல்லியிருக்காருல்ல?"

"கப்பலைக் கீறிரலாம். கடலை எப்படிக் கீறுறது?"

ரத்தினம்மா அரிசி களைந்த கையோடு எழுந்து நின்றார். "நான் பார்த்தேன்ல. அலை ரெண்டாப் பொளந்து நிக்கும். நடுவுல பள்ளம். கப்பல் அதுக்குள்ள எறங்கும் பாருங்க, வயிறு தொண்டைக்கு வந்துரும்! அப்படிக் கீறுங்க."

அழகமுத்து, கப்டன் அண்ணாந்து கொடியைப் பார்த்து நிற்கும் கப்பலைக் கட்டையில் செதுக்கி, கறுத்த மைக்குள் வெள்ளைக் கோடாகத் தெரியும்படி, அதன் வயிற்றில் உளியால் கீறினார். முதல் படத்தில் மயிரிழை. இரண்டாவதில் விரல் கனம். மூன்றாவதில் கடலே இரண்டாகப் பிளந்து கப்பலை வாய்க்குள் இறக்கியது. நான்காவதில் முன்னிருந்து பின்வரை ஒரே கிழி!

புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவிருந்த பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா வெள்ளிக்கிழமை. செவ்வாயன்று மாஸ்டர் அச்சகத்துக்கு வந்து, அடித்த முதல் தாளைப் பார்த்தார்.

"என்ன காணும் இது? கப்பலைக் கீறச் சொன்னா உடைச்செல்லோ வைச்சிருக்கிறீர்!"

"நீங்கதானய்யா கீறச் சொன்னீங்க. அழகாக் கீறச் சொன்னீங்க, அழகாத்தான் கீறியிருக்கேன்."

விஷயம் முதலில் விளங்கியது ஹலீம் நானாவுக்கு. அச்சு இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"வேற கட்டை செதுக்கும்!"

"வெள்ளிக்கெழமைக்கு எப்பிடி மாஸ்டர்? வெட்டின கோட்டை மூடவும் ஏலா. இதத்தான் அடிக்கணும்."

"அப்ப அடியும். ஆனா அட்டையில இவற்ற பேர் வரக்கூடாது. வந்தா என்ர மானம் கப்பலேறும்!"

எந்தக் கப்பலில் என்று கேட்க ஹலீம் நானாவின் நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டார். அழகமுத்து உளியைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் காலை ரத்தினம்மா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அதுதான் அழகமுத்துவை இன்னும் வருத்தியது.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பரிசு கொடுக்கக் கல்வி அதிகாரி வந்திருந்தார். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு புத்தகம். அழகமுத்துவும் ரத்தினம்மாவும் கதவருகில் நின்றார்கள். மாஸ்டர் மேடையில் தழுதழுத்த குரலில் தொடங்கினார்: "கம்பீரமாக நின்றாள் பாக்கியலட்சுமி..."

"சேர்! கப்பல்ல கீறல்!" யசோதா என்ற எட்டு வயதுச் சிறுமி எழுந்துவிட்டாள். "இந்தா, அடியில!"

நூறு தலைகள் புத்தகத்துக்குள் கவிழ்ந்தன. "எனக்கும் தெரியுது!" "எங்கே, காட்டு!" "கப்டன் ஏன் பார்க்கல்ல?"

மாஸ்டர் குரலை உயர்த்தினார். பிள்ளைகள் அதைவிட உயர்த்தினார்கள். இரண்டாம் படத்தில் கீறல் பெருத்திருந்ததைக் கண்டதும் மண்டபமே எழுந்தது. "கப்டன் ஐயா, கீழ பாருங்க!" "கொடியைப் பார்த்தது போதும், கீழ பாரும்!" பிளந்த கடலைக் கண்டு முன்வரிசைச் சிறுவன் வாங்குப் பலகைக்குக் கீழே புகுந்துகொண்டான். கல்வி அதிகாரி தன் பிரதியை மூக்கில் முட்டும்படி பிடித்து, தாமும் கீறல் தேடினார். நான்காம் படத்தில் கப்பல் பிளந்தபோது மாஸ்டர் வேண்டிய கண்ணீர் வந்தது. கூடவே யசோதாவின் கூச்சலும்: "நாங்க அப்பவே சொன்னோமே!"

அதிகாரி எழுந்தார். "அருமை! ஒரு சொல்லும் சொல்லாமல் பக்கத்துக்குப் பக்கம் வளர்கிற கீறல்! உங்கட யோசனைதானே, மாஸ்டர்?"

மாஸ்டரின் வாய் 'ஓ' என்று குவிந்தது. இன்னும் ஒரு 'ம்' சேர்ந்தால் அது 'ஓம்', யாழ்ப்பாணத்து 'ஆமாம்'. எல்லாம் முடிந்துவிடும். கதவருகில் அழகமுத்து துண்டை முறுக்கினார். ரத்தினம்மா மேடையையே முறைத்தார்.

"ஆர் கீறினது, சேர்?" என்றாள் யசோதா.

தமிழ் வாத்தியார் மாட்டிக்கொண்டார். அந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனாலும் இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனாலும் விடை ஒன்றுதான்.

"எழுதினது நான்," என்றார். தொண்டையைச் செருமினார். "கீறினது... அந்தா, கதவடியில நிக்கிறாரே, அழகமுத்து. அவர்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. அழகமுத்து, தமக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வந்து நிற்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்து, வழிவிட்டு ஒதுங்கினார்.

அடுத்த வாரமே இன்னும் முந்நூறு பிரதிகள் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஹலீம் நானா புதிய அட்டை அடித்தார். அழகமுத்து முதல் பிரதியை நெஞ்சோடு அணைத்து, மழையில் ஓடி வந்து, எழுத்துத் தெரியாத ரத்தினம்மாவின் முன் நீட்டினார். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தார்.

"கீ-றி-ய-வர்: அ-ழ-க-முத்-து."

ரத்தினம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்து, அந்த வரியை ஒருமுறை தடவிப் பார்த்தார். கண் கலங்கியதைக் காட்டாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, கீறிட்டீங்க," என்றார். "கிழிக்கிறது எப்ப?"