கள்ளுக்கடை மூடிய பிறகு அங்கமுத்து நடந்த ஊர்

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கும் அங்கமுத்துவுக்குச் சேலம் என்றால் மூன்றே இடம்தான்: மண்டி, கள்ளுக்கடை, வீடு. அந்த மூன்றாவது இடத்துக்கு அவனைப் பெரும்பாலும் தெருக்காரர்களான எங்களில் யாராவது கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்ப்போம். பிறந்து வளர்ந்த ஊர். ஆனால் கோட்டை எந்தப் பக்கம் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பான்.

முப்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில் நம் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது. கடையை மூடிவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் அவனுக்குக் கை நடுங்கும், தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். வீட்டில் உட்கார முடியாமல் எழுந்து நடந்தான். எங்கே என்று அவனுக்கே தெரியாது. சந்து வந்தால் சந்து, ஆறு வந்தால் ஆறு. நெசவாளர்கள் இருக்கும் குகைப் பகுதித் தெருக்களில் தறிச் சத்தம் கேட்டு நின்றான். அஸ்தம்பட்டிப் பக்கம் போய், ஏற்காட்டு மலையில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, “அங்கயுமா ஆளுங்க குடியிருக்குறாங்க?” என்று எங்களிடம் வந்து கேட்டான். விழுந்து விழுந்து சிரித்தோம். நாற்பது வயதில் சொந்த ஊரைக் கண்டுபிடிக்கிறவனை வேறு என்ன செய்வது?

அவன் மனைவி மாரக்காள் சிரிக்கவில்லை. ஊருக்குள் திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று பேச்சு இருந்தது. சும்மா நடக்கிறேன் என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பதை அவளைவிடப் பட்டுத் தெரிந்தவர் யார்? ஒரு நாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி அவன் பின்னாலேயே போனாள். மறுநாளும் போனாள். அவன் நின்றால் இவளும் நின்றாள். அவளும் மாரியம்மன் கோயிலைத் தாண்டாதவள்தான். புருஷனை வேவு பார்க்கப் போன சாக்கில் ஊரையும் பார்த்தாள்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம், சூரமங்கலம் போகிற பாதையில், ஒரு கீற்றுக் கொட்டகை முன்னால் நின்று அவன் கண்ணாடி டம்ளரில் செம்மண் நிறமாக எதையோ உறிஞ்சினான். மாரக்காள் ஓடிப்போய்ப் பிடுங்கினாள். மோந்து பார்த்தாள், பிடிபடவில்லை. ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுட்டது, இனித்தது.

“டீத்தண்ணி புள்ள,” என்றான் அங்கமுத்து.

அவளுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “நான் பொறத்தால வாரது தெரியுமுங்களா?”

“மொத நாளே தெரியும்.”

“பின்ன ஏனுங்க ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்குல?”

“பாத்தா நீ ஊட்டுக்குப் போயிருவே. காச்சற எடம் எனக்குந் தெரியும் புள்ள. எத்தனையோ நாளு காலு அங்கதான் இழுத்துது. நீ வாரயேன்னுதான் வேற சந்துல பூந்தேன். என்னைய நம்பாம வந்தே பாரு, அதுக்கு உன்னையக் கும்புடோணும்.”

மாரக்காள் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மீதியையும் குடித்து முடித்தாள்.

“செரி, நடங்க,” என்றாள். “இன்னிக்கு எந்தப் பக்கமுங்க?”

“தெரியல,” என்றான்.